சாப்பா: துணிக்குக் குறி, தோலுக்குப் புண்

என் அப்பா சேங்கொட்டையைக் கையில் எடுக்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார். கொட்டையை ஊசியால் குத்தி, கசிந்து வரும் பாலை அந்த ஊசிமுனையிலேயே தொட்டு, சட்டைக் காலரின் உட்புறத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று வைப்பார். மேலே சுண்ணாம்பு தடவியதும் குறி கறுத்துவிடும். அதன்பின் எத்தனை முறை வெள்ளாவியில் வைத்தாலும் கல்லில் அடித்தாலும் போகாது. அதே பால் ஒரு சொட்டு கையில் பட்டுவிட்டால் தோல் கொப்பளித்துவிடும். அப்பாவின் வலது கட்டைவிரலில் அப்படி ஒரு தழும்பு இருந்தது. “துணிக்குக் குறி, தோலுக்குப் புண்ணு. பாலு என்னமோ ஒண்ணுதான்” என்பார்.

நாங்கள் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியைச் சேர்ந்த தமிழ் வண்ணார் குடும்பம். மட்டாஞ்சேரி எங்களுக்கு நடந்து போகும் தூரம். டச்சுக்காரர்கள் தங்கள் படையாட்களின் உடுப்புகளை வெளுக்க எங்கள் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1795இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்கள் போனார்கள், நாங்கள் இருந்துவிட்டோம். 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள தோபிகானா என்ற சலவைக்கூடத்தைக் கட்டித் தந்தது. அங்கே இன்றும் முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையில் துணியின் நுனியைச் செருகித்தான் உலர்த்துகிறோம், கிளிப் மாட்டுவதில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தினேன். அரசர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் நடத்தியபோதெல்லாம், என்னைச் சுற்றியுள்ளவர்களின் வரலாறு எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அது பேச்சில் இருக்கிறது என்று பிற்பாடு கண்டுகொண்டேன். இலக்கண ஆசிரியர்கள் கொச்சை என்று அடித்துத் திருத்தும் சொற்களில் இருக்கிறது. அப்படி ஒரு சொல்லின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கேரளத்தில் எந்த நாளும் தொலைக்காட்சி விவாதத்தைப் போட்டுப் பாருங்கள். “எங்களுக்குச் சாப்ப குத்தப் பார்க்கிறீர்கள்” என்று யாரேனும் ஒருவர் குரலை உயர்த்துவார். தேசத்துரோகி, மதவாதி, துரோகி என்று ஒருவர்மேல் ஒட்டிவிட்டால் பிறகு அது உரிபடாது. அதற்குத்தான் மலையாளத்தில் ‘சாப்ப குத்துக’ என்று பெயர். தமிழில் நாம் ‘முத்திரை குத்துவது’ என்கிறோம். விவாதத்தில் அதைச் சொல்லும் இளைஞர்களில் பலருக்கு, அந்தச் சொல்லுக்காக மட்டாஞ்சேரியில் ரத்தம் சிந்தியது தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். அவரை இக்கா, அதாவது அண்ணன், என்றே அழைப்போம். துறைமுகத்தில் சுமை தூக்கியவர். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. ஏன் இக்கா என்று சிறுவயதில் கேட்டேன். “சாப்பாவை எடுக்கக் குனிஞ்சேன் மோளே, ஒருத்தன் மிதிச்சிட்டான்” என்றார். எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் சாப்பா என்றால் துணிப்பொதியின் மேல் அடித்திருக்கும் கடை முத்திரை. அதைக் குனிந்து எடுப்பது எப்படி?

அவர் விளக்கியது இது. கப்பல் வந்திருக்கும் நாளில் விடியும் முன்பே வேலை தேடி ஆட்கள் கூடுவார்கள். நூறு பேருக்கு வேலை என்றால் அதைப் போலப் பல மடங்கு ஆட்கள். ஒப்பந்தக்காரரின் மூப்பன் வருவான். கையில் உலோக வில்லைகள். அவைதான் சாப்பா. ஒரு வில்லைக்கு ஒரு நாள் வேலை. மூப்பன் அவற்றைக் கூட்டத்துக்குள் வீசுவான். ஆட்கள் பாய்ந்து விழுவார்கள். அடித்துப் பிடித்து, பிடுங்கி, வாயில் போட்டு அடக்கிக்கொண்டு வெளியே வருபவனுக்கு அன்றைக்குக் கஞ்சி. மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். வலுவானவனுக்குத்தான் வேலை என்ற நியாயம்கூட அதில் இல்லை. வேண்டியவனின் பக்கமாகப் பார்த்து வீசுவதும் உண்டு, நேற்று எதிர்த்துப் பேசியவன் நிற்கும் பக்கம் வீசாமல் இருப்பதும் உண்டு.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் கொச்சிக்கு வந்து, முகத்துவாரத்தை ஆழப்படுத்தி, வாரிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உண்டாக்கிய கதையைப் பள்ளியில் பெருமையோடு நடத்தியிருக்கிறேன். அதுவரை வெளிக்கடலில் நின்ற கப்பல்கள் 1928 முதல் உள்ளே வரத் தொடங்கின. மிளகு, இஞ்சி, கயிறு, தேயிலை எல்லாம் பெருகிப் போயின. அந்தச் சுமைகளைத் தூக்கிய தோள்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதற்குப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. இக்காவின் விரலில் இருந்தது.

1953இல் சாப்பாவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. சையது, சைதாலவி, அந்தோணி என்று மூன்று பேரை மட்டாஞ்சேரி தியாகிகளாக இன்றும் நினைவு கூர்கிறது. அந்தப் போராட்டத்தை வைத்து கே. எம். சிதம்பரன் ‘துறமுகம்’ என்ற நாடகத்தை எழுதினார். அவருடைய மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கிய அதே பெயரிலான படம் 2023இல் வெளிவந்தது. படத்தைப் பார்த்த என் முன்னாள் மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்து, “டீச்சர், நாங்க தினம் சொல்ற சாப்பா இதுதானா?” என்று கேட்டான். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்.

சொல் எங்கிருந்து வந்தது? இந்தியில் ‘சாப்’ என்றால் பதிவு, முத்திரை. அச்சுக்கூடத்துக்கு ‘சாப்பாகானா’ என்று பெயர். போர்ச்சுகீசிய மொழியில் ‘சாப்பா’ என்றால் உலோகத் தகடு. மேற்குக் கடற்கரையின் துறைகளில் இவ்விரண்டு சொற்களும் ஒரே அங்காடியில் புழங்கின. மட்டாஞ்சேரி வில்லையைப் பார்த்தால் அதில் இரண்டு பொருளும் இருக்கின்றன. அது தகடு, அதன்மேல் முத்திரை.

இந்தச் சொல் இங்கேயே தங்கிவிடவில்லை. ஐரோப்பிய வணிகர்கள் இந்தியத் துறைகளில் பழகிய இந்தச் சொல்லைச் சீனத்துக்குக் கொண்டுபோனார்கள். காண்டனில் அதிகாரிகளின் முத்திரை பதித்த தாள் ‘சாப்’ ஆயிற்று. ஒரே குறியிட்ட தேயிலைப் பெட்டிகளின் தொகுதிக்கும் ‘சாப்’ என்றே பெயர். 1784இல் ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு காண்டனை அடைந்தது. அமெரிக்கர்களின் சீன வணிகம் அதோடு தொடங்கியது. அந்த வணிகத்தில் ஈடுபட்ட எல்லோரும் பேசிய கலப்பு ஆங்கிலத்தில் முதல் தரத் தேயிலை ‘ஃபர்ஸ்ட் சாப்’ ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தேயிலையை விட்டு விலகி, நல்ல குதிரை, நல்ல விருந்து, நல்ல மனிதன் எல்லாவற்றுக்கும் பாராட்டாயிற்று. நம் பையன்கள் ‘செம’, ‘தூள்’ என்பது போல அன்று அவர்கள் ‘ஃபர்ஸ்ட் சாப்’ என்றார்கள்.

மலாய் மொழியிலும் இதே சொல் முத்திரையாக நிலைத்தது. சிங்கப்பூர் அலுவலகங்களில் இன்றும் நிறுவன முத்திரைக்குச் ‘சாப்’ என்றுதான் பெயர். அங்கே உணவங்காடிகளில் காலி மேசையின் மேல் ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டையை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவார்கள். அந்த இடம் அவர்களுடையது. இதற்கு அங்குள்ள பேச்சில் ‘சோப்’ என்கிறார்கள். முத்திரையிட்டு இடம் பிடிப்பது என்ற பொருளில் ‘சாப்’ திரிந்து உண்டான சொல் அது. என் அண்ணன் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். அவள் பழகிப்போய்ச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு அவளுடைய தாத்தாவின் சேங்கொட்டைக் குறி தூரத்து உறவு.

ஆனால் ஒலி ஒத்துப்போனால் எல்லாம் உறவாகிவிடாது. வேகமாக என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லும் ‘சாப் சாப்’ கான்டனீஸ் மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஒருவருடைய வாசிப்புத் திறமையைச் ‘சாப்ஸ்’ என்பார்கள். அது தாடையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். ஊதுகுழல் கலைஞனின் வாய் வலுவைக் குறிக்கத் தொடங்கி, பிறகு கிதார் வாசிப்பவனின் விரல் வலுவையும் குறிக்கலாயிற்று. பேச்சு வழக்குச் சொற்களுக்கு வேர் தேடுகிறவர்கள் அழகான கதையைக் கேட்டதும் நம்பிவிடக் கூடாது. உலகமே சொல்லும் ‘ஓகே’க்குப் பல கதைகள் உலவின. ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி அதைச் சுருக்கிய விளையாட்டு அது என்பதும், 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் அது அச்சேறியதும், ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் 1960களில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி நிறுவியவை. அவருடைய பொறுமையை என் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

அமெரிக்காவுக்கு வந்துவிட்டதால் நியூயார்க் துறைமுகத்தையும் பார்த்துவிடலாம். அங்கே கப்பல் வந்ததும் தொழிலாளர்கள் அரைவட்டமாக நிற்பார்கள். ஆள் எடுக்கும் மேஸ்திரி முன்னால் நின்று, நீ, நீ என்று கைகாட்டுவான். இதற்கு ‘ஷேப்-அப்’ என்று பெயர். கூலியில் ஒரு பங்கை மேஸ்திரிக்குத் திருப்பித் தரச் சம்மதிப்பவன் பல் குத்தும் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு நிற்பான். அதுதான் சைகை. 1954இல் எலியா கசான் இயக்கிய ‘ஆன் த வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில், மேஸ்திரி வேலை வில்லைகளை வீச, ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்குகிற காட்சி வருகிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது என் கண்முன் வந்தது இக்காவின் சுண்டுவிரல். இன்னொரு கடலின் கரை, இன்னொரு மொழி, அதே வில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இதே முறையை எதிர்த்து 1934இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 5ஆம் தேதி போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த நாளை அங்குள்ள தொழிலாளர்கள் ‘ரத்த வியாழன்’ என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வேலையை முறைவைத்துப் பகிர்ந்து தரும் கூடம் அந்தக் கரையில் வந்தது. நியூயார்க்கில் ஷேப்-அப்பை ஒழித்த சட்டம் 1953இல் வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்ததும் அதே 1953இல். எங்கள் இக்காவோ நியூயார்க் தொழிலாளியோ ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பட்டது ஒன்றுதான்.

இன்று அமெரிக்காவில் ‘ஷேப்-அப்’ என்று ஒரு இளைஞனிடம் சொன்னால், நெற்றி முடியைக் கோடு போட்டது போல நேராக வெட்டும் முடிதிருத்தம் என்று நினைப்பான். அந்தப் பழைய ஷேப்-அப்பில் வேலைக்கு எடுத்தவர்களுக்கும் பித்தளை வில்லைதான் கொடுத்தார்கள். அமெரிக்க விலைமாதர் விடுதிகளிலும் பணம் கட்டியதற்கு அடையாளமாக அதே போன்ற வில்லை இருந்தது. அதன் பெயரையே தலைப்பாக்கி, ‘தி பிராஸ் செக்’ என்று அப்டன் சின்க்ளேர் 1919இல் பத்திரிகைத் தொழில் விலைபோவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உழைப்பை வில்லைக்கு விற்பதும், உடலை வில்லைக்கு விற்பதும், எழுத்தை வில்லைக்கு விற்பதும் ஒரே சொல்லில் வந்து நின்றன.

எங்கள் கரைக்குத் திரும்புகிறேன். துறைமுகமும் கிடங்குகளும் மலையாளத்துக்குக் கொடுத்த சொற்களில் ‘அட்டிமறி’யும் ஒன்று. அட்டி என்றால் மூட்டை அடுக்கு. அடுக்கைப் புரட்டி மாற்றும் வேலை அட்டிமறி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இஞ்சி மூட்டையையும் அரிசி மூட்டையையும் முதுகில் ஏற்றியவர்கள் செய்தது அதுதான். இன்று நாளிதழில் ‘அட்டிமறி’ என்றால் நாசவேலை, ஆட்சிக் கவிழ்ப்பு, எதிர்பாராத தேர்தல் வெற்றி. சுமை தூக்கியவனின் அன்றாட வேலை சதிக்குப் பெயராகிவிட்டது.

வணிகச் சொல்லுக்கும் இது நடந்தது. மிளகுக்கு விலை கேட்டால் வணிகர் எழுதித் தரும் விலைப்பட்டியல் ‘குவட்டேஷன்’. அந்தச் சொல் கேரளத்தில் இப்போது கூலிக்கு ஆளை அடிக்கும் கும்பலின் பெயர். ‘குவட்டேஷன் சங்கம்’ என்று போலீஸ் செய்திகளில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அது கடைக்காரரின் நாணயமான சொல்லாக இருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கிறது.

எல்லாவற்றையும் விட என்னை அதிகம் வருத்துவது ‘கூலி’. திருவள்ளுவர் 619ஆம் குறளில், மெய்வருந்திச் செய்த முயற்சியின் பலனைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார். அந்த இடத்தில் அதற்கு எவ்வளவு மரியாதை. ஐரோப்பியர் வாயில் ‘கூலி’ ஆளுக்கே பெயராயிற்று. இதற்குக் குஜராத்தின் கோலி மக்களின் பெயரும் காரணம் என்று 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி சொல்கிறது. தமிழ்க் கூலியும் கோலியும் துறைமுகங்களில் கலந்தன. கரும்புத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம்மவர்களை ஏற்றிய கப்பல்களில் அது வசைச்சொல்லானது. கலிஃபோர்னியா 1862இல் சீனத் தொழிலாளிகளுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. உழைப்பின் விலையைச் சொன்ன சொல், உழைப்பவனை விலக்கும் சொல்லாகிவிட்டது.

கேரளத்தில் அதற்கு இன்னொரு முடிச்சு விழுந்தது. தாங்கள் இறக்காத சுமைக்கு, பார்த்துக்கொண்டு நின்றதற்காகச் சுமை தொழிலாளிகள் கேட்ட பணம் ‘நோக்குகூலி’. வீடு கட்டுகிறவர்கள் இதனால் பட்ட அல்லல் உண்மை. அரசு 2018 மே 1 முதல் அதைத் தடை செய்ததும் சரிதான். ஆனாலும் ஒரு தொழிலாளர் தலைமுறை சாப்பாவுக்கு எதிராக உயிர் கொடுத்தது, அடுத்தடுத்த தலைமுறைகளின் பெயரோடு நோக்குகூலி ஒட்டிக்கொண்டது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. இளைஞர்களுக்கு இரண்டாவது சொல் மட்டும் தெரிந்திருப்பது அநியாயம்.

துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து, முறைவைத்து வேலை தர வழிசெய்யும் சட்டம் 1948இலேயே வந்திருந்தது. அதன்கீழ் பிற்பாடு கொச்சியிலும் வாரியம் அமைந்தது. சாப்பா போயிற்று. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் வந்தபோது, மனிதர்கள் முதுகில் ஏற்றிய காலமே போய்விட்டது. மட்டாஞ்சேரிக் கிடங்குகள் பலவற்றில் இப்போது ஓவியக் கண்காட்சியும் பழம்பொருள் கடையும் நடக்கின்றன. வில்லை போய்விட்டது, சொல் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இக்கா வயதான காலத்தில் என்னிடம் ஒன்று சொன்னார். ஒரு மழைநாளில் அவர் வாங்கிய சாப்பா, உண்மையில் அவருடைய கூட்டாளியின் கையில் முதலில் விழுந்தது. அவர் அந்த விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார். “அன்னிக்கு அவன் வீட்டிலே அடுப்பு எரியல மோளே. மறுநாள் என்னைப் பார்த்து அவன் ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.” தொலைக்காட்சியில் யாரோ யார்மீதோ சாப்ப குத்துவதாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் காட்டி, “அன்னிக்கு எங்க நடுவிலே வீசினாங்க. இப்போ ஆள் மேலேயே குத்துறாங்க” என்றார். அகராதிகள் பல புரட்டியவள் நான். இந்தச் சொல்லின் பொருள் மாற்றத்தை இவ்வளவு சரியாக எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை.

துறை என்றால் எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடம். இக்காவின் வீட்டில் கப்பல் நிற்கும் இடம். இரண்டு துறையிலும் குறி வைக்கும் வேலை நடந்தது. அப்பா காலரின் உட்புறத்தில்தான் எப்போதும் குறி வைப்பார். வெளியே வைத்தால் எண்ணிப் பார்க்க வசதியாக இருக்குமே என்று ஒருமுறை கேட்டேன். அவர் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே சொன்னார்: “யாருடைய துணின்னு நமக்குத் தெரிஞ்சாப் போதும். உடுத்திட்டுப் போறவங்க மேலே அது தெரியக் கூடாது.”